வயலும் வாய்க்காலும் அரசாங்கமும்

நெல் விளையும் ஊர்களிலே ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் ஒரு கூட்டம் கூடுவதை உங்களிற் பலர் அறிவீர்கள். கிழக்கு மாகாணத்திலே அதனைக் கன்னக் கூட்டம் என்பர். குளத்திலே எவ்வளவு நீர் நிற்கிறது, அதைக்கொண்டு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், துருசு திறக்கும் நாள் எது, மூன்று மாத நெல்லை விதைப்பதா நான்கு மாத நெல்லை விதைப்பதா, வாய்க்கால் துப்புரவாக்கும் நாள் எது, வேலி அடைத்து முடிக்கும் நாள் எது, மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்றும் நாள் எது என்பனவெல்லாம் அங்கே தீர்மானிக்கப்படும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மிகச் சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கமக்காரன் அந்த ஆண்டு உண்பானா, கடன்படுவானா என்பது பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலே எடுக்கப்படும் முடிவுகளையும், அவை பின்னர் காக்கப்படுவதையும் பொறுத்தே இருக்கிறது.

இலங்கையிலே கமத்தொழிலுக்கு அரசாங்கம் அளித்த உதவியின் வரலாற்றைப் பலர் அணைக்கட்டுகளின் வரலாறாகவே எழுதியுள்ளனர். எந்தக் குளம் எந்த ஆண்டிலே திருத்தப்பட்டது, எத்தனை குடும்பங்கள் குடியேற்றப்பட்டன என்னும் கணக்குகள் அவற்றிலே நிறைய உண்டு. நாம் இன்று அந்த வரலாற்றை வேறொரு வாயிலாக அணுகுவோம். நீரையும் நிலத்தையும் பற்றிய முடிவை எடுத்தவர் யார்? ஊரவரா, ஊரவர் தெரிந்தெடுத்த ஒருவரா, அன்றித் தலைநகரிலிருந்து அனுப்பப்பட்ட உத்தியோகத்தரா? இந்தக் கேள்விக்குக் காலத்துக்குக் காலம் விடை மாறியது. அந்த மாற்றத்தைத் தொடர்ந்து பார்த்தால், அரசாங்க உதவி எங்கே பயன் தந்தது, எங்கே வீணாயிற்று என்பதை ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

பழைய வழக்கிலிருந்து தொடங்குவோம். அம்பாறைக்கு அண்மையிலுள்ள கொண்டவட்டுவானிலே 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிங்களத் தூண் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. நாலாம் தப்புல மன்னன் காலத்தது அது. உழவேண்டிய காலத்தில் உழாதவனும், செவ்வையாக உழாதவனும் தண்டம் செலுத்த வேண்டும் என்னும் விதி அதிலே பொறிக்கப்பட்டுள்ளது. இன்று கன்னக் கூட்டத்திலே பேசப்படுகின்ற விடயமும் ஏறத்தாழ இதுவே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவன் காலந்தாழ்த்தி உழுதால் அது அவனுடைய சொந்த விடயம் அன்று, ஊர் முழுவதையும் பாதிக்கும் குற்றம் என்று கருதப்பட்டது. ஏனெனில் ஒரே வாய்க்காலில் நீர் பெறுகின்றவர்களுள் ஒருவன் பிந்தினால், அவனுடைய பயிருக்காகத் துருசை மேலும் சில நாட்கள் திறந்துவைக்க வேண்டும். அதனாற் குளத்து நீர் அனைவருக்கும் குறையும்.

நீர் குறைந்த ஆண்டிலே செய்யவேண்டியதையும் பழையவர்கள் வகுத்திருந்தனர். வறண்ட பகுதியிலுள்ள சிங்களக் கிராமங்களிலே 'பெத்ம' என்றொரு வழக்கம் உண்டு. குளத்திலே போதிய நீர் இல்லாதபோது, அணைக்கு அண்மையிலுள்ள வயற்பரப்பை மட்டும் விதைப்பது என்றும், அந்தப் பரப்பை எல்லாப் பங்குகாரருக்கும் அவரவர் உரிமைக்கு ஏற்பத் தற்காலிகமாகப் பிரித்துக் கொடுப்பது என்றும் முடிவு செய்வர். அணைக்கு அருகே காணி வைத்திருப்பவன் அந்தப் போகத்திலே தன் காணியின் ஒரு பகுதியை மற்றவனுக்கு விட்டுக்கொடுக்கிறான். மழை நிறைந்த அடுத்த போகத்திலே அவரவர் காணி அவரவரிடம் மீளும். நீர் குறைந்த ஆண்டிலே நட்டத்தை யார் சுமப்பது என்னும் கேள்விக்கு, எல்லாரும் சேர்ந்து என்று விடையளித்த வழக்கம் அது.

இந்த வழக்குகளை நடைமுறைப்படுத்தியவன் சிங்களத்திலே 'வெல் விதானை' எனவும், கிழக்கு மாகாணத் தமிழிலே வட்டைவிதானை எனவும் அழைக்கப்பட்டான். வட்டை என்றால் வயல்வெளி. வாய்க்கால்களைக் காவல்செய்தல், நீரை முறைவைத்துத் திறத்தல், வேலி அடையாதவனைக் கேள்வி கேட்டல், மாடு புகுந்த வயலின் நட்டத்தை மதிப்பிடுதல் ஆகியவை அவனுடைய பணிகள். அரசாங்கம் அவனுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அறுவடையின்போது களத்திலே ஒவ்வொரு கமக்காரனும் கொடுக்கும் நெல்லே அவனுக்குரிய சுவந்திரம். விளைவு நன்றாக இருந்தாலன்றி அவனுக்கும் நெல் இல்லை.

இந்த அமைப்புக்கு முதற் பேரிடி 1832இல் வந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையின்படி பிரித்தானிய அரசாங்கம் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை அந்த ஆண்டிலே ஒழித்தது. மனிதனை அவன் விருப்பத்துக்கு மாறாக வேலை வாங்குவதை ஒழித்தது நல்ல காரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டாய ஊழியத்தோடு குளக்கட்டுகளைப் பேணுவதற்கிருந்த அதிகாரமும் மறைந்தது. அணையிலே மண்போட வராதவனை இனி யாரும் தண்டிக்க முடியாது. வந்தவனும் வராதவனும் ஒரே அளவு நீரைப் பெறுவர் என்றால், வருபவர் தொகை குறைவது இயல்பே. பழைய அதிகாரத்தை எடுத்துவிட்டு அதற்கு ஈடாக எதனையும் வைக்காமையால் சிறு குளங்கள் பல தூர்ந்தன, கட்டுகள் உடைந்தன, நீர் வழக்குகள் நீதிமன்றங்களிலே குவிந்தன.

இதனை முதலில் ஊன்றி ஆராய்ந்த உத்தியோகத்தருள் ஒருவர் பதுளையிலே உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜோன் பெய்லி. ஊவாப் பகுதியின் நீர்ப்பாசனத்தைப் பற்றி அவர் 1855இல் எழுதிய அறிக்கை, அந்த ஆண்டிலே தேசாதிபதியாக வந்த சர் ஹென்றி வார்ட் அவர்களின் கருத்தைக் கவர்ந்தது. அதன் பயனாக 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டம் புதிய விதி எதனையும் கொழும்பிலிருந்து வகுத்து அனுப்பவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அந்தந்தப் பகுதி வயலுடையவர்கள் கூடி, பெரும்பான்மையோர் விரும்பினால், தங்கள் பழைய வழக்குகளை மீண்டும் சட்ட வலுவோடு நடைமுறைப்படுத்திக்கொள்ளலாம் என்றே அது கூறியது. நீர்த் தகராறுகளும் நெடுநாள் நீதிமன்றத்துக்கு அலையாமல் ஊர்ச் சபைகளிலேயே தீர்க்கப்படலாயின. வார்ட் தேசாதிபதி காலத்திலே மட்டக்களப்புப் பகுதியின் இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்களும் திருத்தம் பெற்றன. சட்டமும் குளமும் சேர்ந்து வந்தமையால் கிழக்கிலே நெற்செய்கை விரிந்தது.

ஒரு கையால் உதவிய அரசாங்கம் மறு கையால் வாங்கியதையும் கூறவேண்டும். நெல் விளைவிலே பொதுவாகப் பத்தில் ஒன்று அரசிறையாக இருந்தது. தானியமாகக் கொடுத்த வரியைப் பணமாக மாற்றி, விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஆண்டுதோறும் ஒரு தொகையைச் செலுத்தும் முறையை 1878ஆம் ஆண்டுச் சட்டம் விரிவுபடுத்தியது. கோப்பி நோயினால் நாட்டின் பொருளாதாரம் நொடிந்திருந்த 1880களிலே, வலப்பனைப் பகுதியிலே வரி செலுத்த இயலாத ஏழைக் கமக்காரரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. சில ரூபாய் நிலுவைக்காகத் தலைமுறை தலைமுறையாக உழுத வயலை இழந்து பல குடும்பங்கள் பட்டினியாற் சிதைந்தன. இந்தச் செய்தியை வெளிக்கொணர்ந்தவர்களுள் லே மெசூரியர் என்னும் அரசாங்க உத்தியோகத்தரும் ஒருவர். பெருங் கிளர்ச்சியின் பின்னர், சர் ஆர்தர் ஹவ்லொக் தேசாதிபதியாக இருந்த 1892இல் தானிய வரி ஒழிக்கப்பட்டது. கமக்காரனுக்குப் பல உதவிகளைச் செய்வதிலும், அவன் தாங்க முடியாத ஒரு சுமையை நீக்குவது சில வேளைகளிலே பெரிய உதவியாகும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

20ஆம் நூற்றாண்டிலே அரசாங்கத்தின் கை மேலும் நீண்டது. நீர்ப்பாசனத்துக்கெனத் தனித் திணைக்களம் 1900இல் அமைந்தது. விவசாயத் திணைக்களம் 1912இல் நிறுவப்பட்டது. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் 1911இல் வந்தது. வடக்கிலே கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்திலே முடிவுற்றது. காடாக இருந்த கிளிநொச்சிப் பகுதி நெல் விளையும் நாடாக மாறுவதற்கு அதுவே கால்கோள். யாழ்ப்பாணத்திலே துலாவால் நீரிறைத்துத் தோட்டஞ் செய்த குடும்பங்கள் பல, இரணைமடுவின் கீழே வயல் செய்வதற்குக் குடிபெயர்ந்தன.

அரசாங்க சபைக் காலத்திலே விவசாய, காணி அமைச்சராக இருந்த டி. எஸ். சேனநாயக்கா அவர்களின் முயற்சியினால் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. முடிக்குரிய காணி, பணம் உடையவனுக்கு ஏலத்தில் விற்கப்படும் முறை அதனாற் குறைந்தது. காணியற்ற குடியானவனுக்கு உத்தரவுப் பத்திரத்தின் மேல் நிலம் வழங்கப்பட்டது. கடன்காரன் கைக்குப் போகாதபடி அந்தக் காணியை விற்கவும் ஈடுவைக்கவும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. இது காப்பாகவும் அமைந்தது, கட்டாகவும் அமைந்தது. காணியை ஈடுவைக்க முடியாதவன் வங்கியிலே கடன் பெறவும் முடியாதவனானான். அவசரத்துக்கு அவன் நாடியது பெரும்பாலும் ஊர்க் கடைக்காரனையே.

இரண்டாம் உலகப் போர் ஒரு புதிய பாடத்தைக் கற்பித்தது. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும், இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. தேயிலையும் இறப்பரும் விற்று அரிசி வாங்கி உண்ட நாடு, பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்றது. உள்ளூர் நெல்லின் அருமையை அப்பொழுதுதான் பலர் உணர்ந்தனர். சுதந்திரம் பெற்ற 1948இல் உத்தரவாத விலைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு புசல் நெல்லை 8 ரூபாவுக்கு வாங்குவதாக அரசாங்கம் உறுதியளித்தது. 1951இல் அது 9 ரூபாவாகவும், 1952இல் 12 ரூபாவாகவும் உயர்ந்தது. அந்த விலை 1967 வரை மாறவில்லை.

இந்தத் திட்டம் எவ்வாறு இயங்கியது என்பதைச் சிறிது பார்ப்போம். கமக்காரன் தன் நெல்லைக் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒப்படைப்பான். சங்கம் அரசாங்கத்துக்குக் கொடுக்கும். விதைநெல்லுக்கும் பசளைக்கும் சங்கத்தினூடாகப் பெற்ற கடனையும் நெல்லிலே கழித்துக்கொள்ளலாம். எண்ணம் நல்லது. ஆனால் விதைப்புக்கு முன்னரே கடைக்காரனிடம் கைம்மாற்று வாங்கியவனுடைய நெல், சூடு மிதித்த அன்றே களத்திலிருந்து கடைக்காரன் வண்டியிலே ஏறிவிடும். சங்கத்தின் பண்டசாலை தொலைவிலே இருந்தால், அல்லது பணம் கிடைக்கச் சில வாரங்கள் பிந்தினால், குறைந்த விலையானாலும் கையிலே காசு தருபவனையே கமக்காரன் நாடுவான். ஆகவே உத்தரவாத விலையின் முழுப் பயனையும் பெற்றவன், காத்திருக்கக்கூடிய கமக்காரனே. காத்திருக்க இயலாதவனைச் சட்டத்திலுள்ள விலை மட்டும் காப்பாற்றவில்லை.

மறுபுறத்திலே, கூடிய விலைக்கு நெல்லை வாங்கிக் குறைந்த விலைக்கு அரிசியைக் கொடுத்த அரசாங்கத்தின் திறைசேரியும் தள்ளாடியது. 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். உற்பத்தியாளனுக்கும் உண்பவனுக்கும் இடையே நிற்கும் அரசாங்கத்தின் நிலை எத்துணை இடர்ப்பாடானது என்பதற்கு இது சான்று.

இனி, சுதந்திர இலங்கையின் முதற் பெருந் திட்டமாகிய கல்லோயாத் திட்டத்துக்கு வருவோம். தமிழ் வழக்கிலே பட்டிப்பளை ஆறு எனப்படும் கல்லோயாவை இங்கினியாகலையிலே மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் உருவாக்கப்பட்டது. கல்லோயா அபிவிருத்திச் சபை 1949ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்தது. குடியேற்றவாசிகளுக்குத் தொடக்கத்திலே 4 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் வழங்கப்பட்டன. வீடு, பாதை, பாடசாலை, மருத்துவமனை ஆகியவற்றையும் அரசாங்கமே அமைத்துக் கொடுத்தது. கமக்காரனுக்கு இவ்வளவு முழுமையான உதவி அதற்கு முன்னர் கிடைத்ததில்லை.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு வெற்றுநிலமாக இருக்கவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியிலே சம்மாந்துறை, அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கங்களிலே தமிழரும் முஸ்லிம்களும் நெடுங்காலமாக வயல் செய்து வந்தனர். பெரிய காணிக்காரர் போடியார் எனவும், வேலைக்குத் தலைவனாயிருந்தவன் முல்லைக்காரன் எனவும் பெயர்பெற்ற அந்த ஊர்களுக்கெனத் தனி உழவு மரபும் நீர் மரபும் இருந்தன. புதிய அணைக்கட்டினால் மேற்பகுதியிலே பிற மாவட்டங்களிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள் பெருந்தொகையாகக் குடியேறின. கீழ்ப்பகுதியிலே தமிழ் பேசுவோருக்கும் சில குடியேற்றங்கள் கிடைத்தன. இதனால் ஒரே வாய்க்காலின் தலைமடையிலே ஓர் இனத்தவரும் கடைமடையிலே வேறினத்தவரும் வாழும் நிலை ஏற்பட்டது. 1956 யூன் மாதத்திலே, சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கும் சட்டத்தையொட்டி எழுந்த வன்செயலில், கல்லோயாப் பள்ளத்தாக்கிலே தமிழர் பலர் உயிரிழந்தனர். மறு ஆண்டிலே கைச்சாத்தான பண்டாரநாயக்கா – செல்வநாயகம் உடன்படிக்கையிலே, குடியேற்றத்துக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கு உரியது என்னும் ஏற்பாடு இடம்பெற்றது. அந்த உடன்படிக்கை 1958 ஏப்பிரலில் கைவிடப்பட்டது. நிலத்தையும் நீரையும் யார் பங்கிடுவது என்னும் கேள்வி, வயல் வரம்பைக் கடந்து நாட்டின் பெருங் கேள்வியாக வளர்ந்த வரலாறு இது.

அதே 1958இல் மற்றொரு சட்டமும் வந்தது. விவசாய, உணவு அமைச்சர் பிலிப் குணவர்த்தனா அவர்கள் கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் அது. பிறர் வயலை வாரத்துக்கு உழுதவன், அதுவரை பல இடங்களிலே விளைவிற் பாதியைக் காணிக்காரனுக்கு அளந்தான்; காணிக்காரன் விரும்பினால் அடுத்த போகத்திலே அவனை வெளியேற்றலாம். வாரத்தை நாலில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இச்சட்டம் கட்டுப்படுத்தியது. குடியானவனின் உழவுரிமையை நிலையானதாகவும் மரபுரிமையாகவும் ஆக்கியது. வட்டைவிதானையின் இடத்திலே, கமக்காரரால் தெரிவுசெய்யப்படும் பயிர்ச்செய்கைக் குழுக்கள் அமைந்தன. காணிக்காரரின் சொல்லுக்கு அடங்கியிருந்த வயல்வெளி, உழுபவரின் குழுவுக்கு மாறவேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம்.

சட்டத்தின் பயனை ஒரே சொல்லிற் கூறிவிட முடியாது. குழுக்கள் நன்கு இயங்கிய ஊர்களிலே வாய்க்கால்கள் துப்புரவாயின; பசளையும் கடனும் ஒழுங்காக வந்தன. ஆயினும் சட்டம் வருகிறது என்று அறிந்ததுமே பல காணிக்காரர் குடியானவரை வெளியேற்றித் தாமே உழுவதாகக் கூறினர். வெளியேற்றப்பட்டோரின் முறைப்பாடுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. காணிக்காரனிடமே விதைநெல்லும் எருமையும் கைக்கடனும் பெற்றுவந்த குடியானவன், அவனுக்கு எதிராக முறையிடத் துணியவில்லை. உரிமையைச் சட்டம் கொடுத்தது. அதனைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய மாட்டையும் கடனையும் யார் கொடுப்பது என்னும் கேள்விக்குப் போதிய விடை கிடைக்கவில்லை.

இந்தக் காலத்திலேயே செய்கை முறையும் மாறியது. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்திலே உருவான எச்-4 என்னும் நெல்லினம் 1950களின் இறுதியிலே கமக்காரர் கைக்கு வந்தது. பழைய இனங்களைவிடப் பசளைக்கு நன்கு விளைவு கொடுப்பது அதன் சிறப்பு. பயிர்க் காப்புறுதி 1958இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 1961இல் சட்டமாயிற்று. பசளைக்கு அரசாங்க மானியம் 1962இல் ஆரம்பமானது. 1970இல் பீஜி 11-11 போன்ற புதிய குள்ளமான இனங்களும் வந்தன. வீசி விதைத்த இடங்களிலே நாற்று நடும் முறை பரவியது. எருமைகளின் காலால் மிதிபட்ட வயல்களிலே உழவியந்திரம் இறங்கியது. விளைவு உயர்ந்தது உண்மை. அதே வேளையிலே, புதிய நெல்லும் பசளையும் நீர் தக்க நாளில் வராவிட்டாற் பயன் தருவதில்லை. ஆகவே நீரைப் பங்கிடும் ஒழுங்கு முன்னிலும் இன்றியமையாததாயிற்று.

இவ்வாறு ஒழுங்கு மிகவும் வேண்டப்பட்ட காலத்திலேயே ஊர்க் குழுக்கள் வலுவிழந்தமை வருந்தத்தக்கது. 1972, 1973ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னர் குழு உறுப்பினர்களை அமைச்சரே நியமிக்கலானார். அரசியற் சார்பு பார்த்து நியமனம் நடந்த இடங்களிலே, குழுவின் சொல்லை ஊர் மதிக்கவில்லை. 1979ஆம் ஆண்டின் கமநல சேவைகள் சட்டம் குழுக்களையே நீக்கி, அவற்றின் பணிகளை உத்தியோகத்தர் கையிலே ஒப்படைத்தது. களத்திலே சுவந்திர நெல் பெற்ற விதானைக்கு விளைவு குறைந்தால் தானும் இழப்படைவான் என்னும் கவலை இருந்தது. மாதச் சம்பளம் பெறும் உத்தியோகத்தரிடம் அந்தக் கட்டு இல்லை.

கல்லோயாவின் இடதுகரை வாய்க்கால்களிலே அந்நாளில் நிலைமை மிகவும் சீர்கெட்டிருந்தது. தலைமடையிலே உள்ளவர்கள் வேண்டிய அளவுக்கு மேலாகவும் நீரை விட்டனர். கடைமடைக்கு நீர் சென்றடையவில்லை. மதகுகள் உடைக்கப்பட்டன, இரவிலே நீர் திருடப்பட்டது. இதனைத் திருத்தும் திட்டத்தின் ஒரு பகுதியாக, கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து 1981இல் ஒரு புதிய முயற்சியைத் தொடங்கின. படித்த இளைஞர் சிலரை அமைப்பாளர்களாக ஊர்களுக்கு அனுப்பினர். அவர்கள் கமக்காரரோடு வாழ்ந்து, ஒவ்வொரு வயல் வாய்க்காலிலும் நீர் பெறும் பத்துப் பதினைந்து பேரைச் சந்தித்து, உங்கள் வாய்க்காலுக்கு எது குறை, அதனை நீங்களே எவ்வாறு தீர்க்கலாம் என்று கேட்டனர். விடை சொல்லிக் கொடுப்பது அவர்கள் வேலையன்று.

அந்த ஆண்டுச் சிறுபோகத்திலே சேனநாயக்க சமுத்திரம் காற்பங்கு மட்டுமே நிறைந்திருந்தது. சண்டை மிகும் என்று பலர் அஞ்சினர். ஆனால் சில வாரங்களுக்குள்ளேயே கமக்காரர் தாமாகக் கூடி வாய்க்கால்களைத் துப்புரவாக்கினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். தங்களுக்குத் தேவையில்லாத நாளிலே மதகை மூடி நீரைக் கீழே அனுப்பினர். மேலே சிங்களக் கமக்காரர் மிச்சப்படுத்திய நீர் கீழே தமிழ் பேசும் கமக்காரரின் வயலுக்கும் சென்றது. இந்த முயற்சியை முன்னின்று ஆராய்ந்த நோர்மன் அப்ஹொவ் என்னும் அறிஞர், கல்லோயாவிலிருந்து கற்றவற்றை 1992இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். நாடு இனப்பூசலாற் பிளவுண்டிருந்த ஆண்டுகளிலே இது நடந்தது என்பதை எண்ணும்போது, அதன் பெருமை இன்னும் விளங்கும்.

அந்த ஒழுங்கு ஒரு போகத்தோடு மறைந்துவிடவுமில்லை. 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்திலே, இருக்கும் நீர் இடதுகரையின் 65,000 ஏக்கரில் 15,000 ஏக்கருக்கே போதும் என்று அதிகாரிகள் கணித்தனர். விவசாயிகள் அமைப்புகள் கூடி ஆலோசித்து, சிலர் விதைத்துப் பலர் வெறுங்கையோடு நிற்பதை ஏற்காது, 65,000 ஏக்கரையும் விதைத்தன. நீரைச் சிக்கனமாகவும் நியாயமாகவும் பங்கிட்டு, வழமையைவிட நல்ல விளைவைக் கண்டன. பெத்ம முறையிலே பழைய கிராமத்தவர் நிலத்தைப் பங்கிட்டனர். இவர்கள் நீரைப் பங்கிட்டனர். உட்பொருள் ஒன்றே.

1991ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் விவசாயிகள் அமைப்புகளுக்குச் சட்ட வலுவைத் தந்தன. ஆனால் கமக்காரரைக் கேளாது முடிவெடுக்கும் பழக்கம் முற்றாக நீங்கவில்லை. 2021 மே மாதத்திலே இரசாயனப் பசளையின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பசளையை நம்பிய நெல்லினங்களை விதைக்கும்படி ஊக்கிய அரசாங்கம், ஒரு போகத்தின் அவகாசமும் கொடாது அதனை நிறுத்தியது. அந்த ஆண்டின் நவம்பரிலே தடை நீங்கியபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் போகத்தின் விளைவு பெரிதும் வீழ்ந்தது. சேதனப் பசளை மண்ணுக்கு நல்லது என்பதைக் கமக்காரர் மறுக்கவில்லை. எந்த வயலில், எந்த அளவில், எத்தனை போகங்களிலே மாறுவது என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதே அவர்களுடைய மனக்குறை.

நேயர்களே, அரசாங்கத்தின் உதவி வேண்டாம் என்று இந்த வரலாறு கூறவில்லை. சேனநாயக்க சமுத்திரத்தையோ இரணைமடுவையோ தனியோர் ஊர் கட்டியிருக்க முடியாது. புதிய நெல்லினத்தை ஒரு கமக்காரன் தனித்து உருவாக்குவதும் அரிது. சந்தையிலே விலை வீழும்போது தாங்கிப்பிடிப்பதற்கும் அரசாங்கத்தின் கை வேண்டும். ஆனால் அணையிலிருந்து வரும் நீர், வயலின் வக்கடைக்கு வந்து சேரும்போது அது அயலவனுக்கும் அயலவனுக்கும் இடையிலான காரியமாகிவிடுகிறது. அவ்விடத்திலே கட்டளை செல்லாது, உடன்பாடே செல்லும். வார்ட் தேசாதிபதியின் சட்டம் ஊரின் உடன்பாட்டுக்கு இடம் கொடுத்தபோது பயன் விளைந்தது. நியமனக் குழுக்கள் அதனை மறந்தபோது வாய்க்கால் வரண்டது. கல்லோயாவிலே அது மீண்டும் பேணப்பட்டபோது, கடைமடைக்கும் நீர் சென்றது.

அடுத்த போகத்துக்கான கூட்டம் உங்கள் ஊரிலே கூடும்போது, நேரமில்லை என்று ஒதுங்கிவிடாமற் செல்லுங்கள். தலைமடையிலே காணி வைத்திருப்பவரானால், கடைமடைக்காரர் வந்திருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவர் வராமல் எடுக்கப்படும் முடிவு, எத்துணை நல்ல முடிவாயினும், அவருடைய வயலை நனைக்காது.